பிரிக்ஃபீல்ட்ஸில் வசிக்கிறான்

இடியப்பத் தட்டுக்குப் பக்கத்தில் அன்றைய தாள்கள் கிடந்தன. குணபூசணி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றி, நடுவில் இருந்த ஒரு வரிக்கு நேரே, பிழை என்று அழுத்தமாகப் புள்ளடி போட்டாள்.

“அதுக்கேன் புள்ளடி?” என்றான் கார்த்திகேசு. குளித்துவிட்டு ஈரத் தலையோடு அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“எங்கட பிரிக்ஃபீல்ட்ஸில செங்கல் சூளையள் இருக்காம். எங்க இருக்கு? நீ கண்டனியோ?”

“கணினியில ரெண்டு பக்கத்தில எழுதியிருக்கு, அம்மா.”

“ரெண்டு பேரும் ஒரே பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதியிருப்பினம். அது வெள்ளைக்காரன் காலத்துக் கதை. இப்ப அந்த இடத்தில பூமாலை கட்டி விக்கிறாங்கள்.”

“மெஷினுக்கு அப்ப, இப்ப எண்டு ஒண்டும் தெரியாது. இருக்கு, இல்லை. அவ்வளவுதான் தெரியும்.”

“பிறகென்னத்தைப் படிச்சுது உன்ர பிள்ளை?”

கார்த்திகேசுக்கு இருபத்தொன்பது வயது. கல்யாணப் பேச்சை எடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். அதனால் பெட்டாலிங் ஜெயாவில் அவன் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்துக் கணினியை அவனுடைய பிள்ளை என்றும், தனக்குக் கிடைத்த ஒரே பேரன் என்றும் சொல்லிச் சீண்டுவது அவள் வழக்கம். அவனுக்கும் அது பிடித்திருந்தது.

அவன் உட்கார்ந்து இடியப்பத்தின் மேல் சொதியை ஊற்றினான். “அந்த வரியை இப்ப விட்டிடுங்கோ. காலத்தை எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறதெண்டு எனக்கு ஒரு யோசனை வந்திருக்கு. பின்னேரம் வந்து சொல்லுறன்.”

அது 1997. இன்டர்நெட் என்ற சொல்லே பலருக்குப் புதிது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் கணினியில் எழுதி வைக்கும் பக்கங்களை ஒரு மெஷின் தானாகவே வாசித்து, அதிலிருந்து விஷயங்களைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதுதான் கார்த்திகேசின் வேலை. அவன் அதை அவளுக்கு விளக்கியது சுலபமாகத்தான் இருந்தது. பாரிஸ் பிரான்சின் தலைநகரம் என்று நாம் ஒன்றைச் சொல்லிக் கொடுக்கிறோம். பாரிசும் பிரான்சும் சேர்ந்து வரும் இடங்களையெல்லாம் மெஷின் தேடுகிறது. நடுவில் என்னென்ன சொற்கள் வருகின்றன என்று பார்க்கிறது. பிறகு அதே சொற்கள் வேறு எந்தப் பெயர்களுக்கு நடுவில் வருகின்றன என்று தேடி, நாம் சொல்லாததையும் தெரிந்துகொள்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும், ஒவ்வொரு சொற்கோவைக்கும் ஒரு நம்பிக்கை வைத்திருக்கும். ஒன்று பிழை என்று யாராவது சொன்னால், அது வந்த வழியையே சந்தேகிக்கத் தொடங்கும். அதே வழியில் வந்த மற்றவற்றையும் சேர்த்து.

பிழை என்று சொல்கிற அந்த ஆள் குணபூசணி. தொலைபேசி இலாகாவில், நம்பர் கேட்பவர்களுக்கு நம்பர் சொல்லும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் சிவசம்பு போன பிறகு வாசிப்பதும் மகனுக்குச் சமைப்பதுமாக இருந்தாள். நிலையத்தில் இந்த வேலைக்கு ஆள் கொடுக்கவில்லை என்று அவன் முணுமுணுத்தபோது, “கொண்டா பாப்பம்” என்று அவள்தான் கேட்டு வாங்கினாள். முதலில் சரி, பிழை இரண்டுக்கும் குறி போட்டாள். கை வலித்தது. “பிழைக்கு மட்டும் போடுங்கோ. நீங்கள் பேசாமல் விட்டால் ஓம் எண்டு அது எடுத்துக்கொள்ளும்” என்றான் மகன். அன்றிலிருந்து அப்படித்தான். வேடிக்கைக்காக ஒவ்வொரு தாளின் தலையிலும் ‘சரியா, அம்மா?’ என்று வரும்படி எழுதியும் வைத்தான்.

மெஷின் முதன்முதலில் தானாக வாசித்தது அவனுடைய சொந்தப் பக்கத்தை. நிலையத்தில் வேலை செய்யும் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் வைத்திருந்தார்கள். ‘நான் பிரிக்ஃபீல்ட்ஸில் அம்மாவுடன் வசிக்கிறேன், நான் விடும் பிழைகளை அவர் திருத்துகிறார்’ என்று அவன் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். அன்று வந்த தாளில் ஒரே ஒரு வரி: கார்த்திகேசு பிரிக்ஃபீல்ட்ஸில் வசிக்கிறான். “இதைக் கண்டுபிடிக்க ஒரு மெஷின் வேணுமோ?” என்று அவள் சிரித்தாள். அவன் அந்தத் தாளைக் கொண்டுபோய், நிலையத்தில் கூட வேலை பார்க்கும் விஜயனுக்குக் காட்டி, ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தானாம்.

வாசிக்க நல்ல தீனி எது என்று தேடியபோது அவனுக்கு அகப்பட்டது மரண அறிவித்தல்கள். லண்டனிலும் டொராண்டோவிலும் சிட்னியிலும் சிதறிக் கிடக்கும் யாழ்ப்பாணத்துச் சனம் கணினியில் ஒரு செய்திக் குழு வைத்திருந்தது. யார் செத்தாலும் அதில் வரும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்டவர், காலஞ்சென்ற இன்னாரின் மகன், இன்னாரின் அன்புக் கணவர், இன்னார் இன்னாரின் சகோதரர், இன்னாரின் மைத்துனர் என்று ஒரு ஆளை விடாமல் எழுதுவார்கள். “எங்கட ஆக்கள் போல ஆருமே இல்லை, அம்மா. எல்லாம் ஒரே அச்சு. ஒரு அறிவித்தலிலேயே இருபது விஷயம் படிச்சிடுது” என்று வியந்தான். சிவசம்பு மாமா என்று யாரோ தாமதமாகப் போட்டிருந்த தகப்பனின் அறிவித்தலும் அதில் இருந்தது. இறப்பு என்றால் என்ன என்று மெஷின் கற்றுக்கொண்டது அந்த அறிவித்தல்களிலிருந்துதான்.

“படிக்கிறதுக்கு உனக்கு வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ” என்று அவள் ஏசினாள். ஏசினாலும் பிழை பார்த்தாள்.

அன்று காலை அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தான்.

“மழை வந்தால் எங்கயாவது ஒதுங்கி நில். நனைஞ்சுகொண்டு ஓடாதை.”

“சரி, அம்மா. போட்டு வாறன்.”

பின்னேரம் மழை வந்தது. ஃபெடரல் ஹைவேயில் ஒரு மேம்பாலத்தின் கீழே, மற்ற மோட்டார் சைக்கிள்காரர்களோடு ஒதுங்கி நின்று அவன் மழைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு லோரி வழுக்கிக்கொண்டு வந்தது.

*

மரண அறிவித்தலைக் குணபூசணியின் அக்கா பூரணம்தான் சொல்லி எழுதுவித்தாள். கிள்ளானிலிருந்து வந்து, செத்தவீட்டின் சாவியையெல்லாம் இடுப்பில் செருகிக்கொண்டு, யார் பெயரும் விடுபடக் கூடாது என்று நின்றாள். பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவன் விஜயன். கார்த்திகேசோடு ஒரே அறையில் வேலை பார்த்தவன். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து படித்து வந்த பையன்.

“லண்டன்ல இருக்கிற ராதாகிருஷ்ணனைப் போட்டனீரோ?” என்றாள் பூரணம்.

“அவரு யாரு, ஆன்டி?”

“கார்த்திகேசின்ர அண்ணன்.”

“அவனுக்கு அண்ணனே இல்லியே.”

“பெரியப்பாவின்ர மகன் அண்ணன் இல்லாமல் ஆர்? எழுதும்.”

விஜயன் எழுதினான். காலஞ்சென்ற சிவசம்பு, குணபூசணி தம்பதியரின் ஏக புதல்வன். பிரிக்ஃபீல்ட்ஸை வசிப்பிடமாகக் கொண்டவர். வெளிநாட்டுச் சொந்தக்காரர்களுக்குத் தெரிய வேண்டும் என்று பூரணம் கேட்டதால் அதை அந்தச் செய்திக் குழுவிலும் போட்டான். மெஷின் அங்கே வாசிக்கப் போகும் என்ற நினைப்பு அந்த வீட்டில் அன்று யாருக்கும் இல்லை.

சாம்பலைக் கிள்ளான் கடலில் கரைத்தார்கள். குணபூசணி தன் கையாலேயே கரைத்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்தது. தன்னோடு கிள்ளானுக்கு வந்துவிடச் சொன்னாள் பூரணம். இவள் பிறகு பார்ப்போம் என்றாள்.

செங்கல் சூளை வரி இருந்த தாள் சாப்பாட்டு மேசையில் அப்படியே கிடந்தது. காலத்தைச் சொல்லிக் கொடுக்க அவனுக்கு என்ன யோசனை வந்தது என்று அவள் விஜயனிடம் கேட்டாள். அவனிடமும் சொல்லியிருக்கவில்லை.

*

“ஆன்டி, கேக்க ஒரு மாதிரியா இருக்கு” என்று விஜயன் ஒருநாள் கேட் வாசலில் நின்றபடியே சொன்னான். கையில் தாள்கட்டு. “மெஷினு படிச்சுக்கிட்டேதான் இருக்கு. பாக்க ஆளில்ல. டிரெக்டர் ஒரு டெமோ வைக்கப் போறாரு. அது ஓகேன்னா இன்னும் மூணு வருஷம் ஓடும். இல்லாட்டி மூடிருவாங்க லா.”

“உள்ள வாரும்” என்றாள் குணபூசணி. “தாளைத் தாரும்.”

தாளின் தலையில் ‘சரியா, அம்மா?’ என்று இருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விஜயன் தரையைப் பார்த்தான். “அதை எடுத்துடணும்னு நெனச்சேன், ஆன்டி.”

“எடுக்க வேண்டாம்.”

அதற்குப் பிறகு தாள்கள் வந்துகொண்டிருந்தன. விஜயன் மாலையில் வைத்துவிட்டுப் போவான். அடுத்த முறை வந்து புள்ளடி விழுந்த வரிகளின் எண்களை மட்டும் குறித்துக்கொண்டு போய் மெஷினில் அடிப்பான். வரியில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டான். கார்த்திகேசும் அப்படித்தான் செய்தான். அம்மா போட்டது போட்டதுதான் என்பான்.

அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. சோற்றை வைத்துவிட்டுத் தாளை எடுப்பாள். ஈப்போ பேராவின் தலைநகரம். பேசாமல் விட்டாள். மேரு ஒரு மலை. புள்ளடி; கிள்ளானுக்கு வடக்கே இருக்கிற மேருவில் தொழிற்சாலைகள்தான் இருக்கின்றன. பிறகு யோசித்து, புராணத்து மேருவை மெஷின் எங்கேயோ வாசித்திருக்கிறது என்று புரிந்து, வாய்விட்டுச் சிரித்தாள். மகன் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவன் கேட்கிற மாதிரியே மெஷின் கேட்டது. கேட்கச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தானே.

டெமோவுக்கு முந்திய வாரம் வந்த தாளில், நடுவே ஒரு கட்டம் கட்டியிருந்தது. ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு விஷயங்கள் கிடைத்தால் மெஷின் அப்படித்தான் கட்டம் கட்டிக் கேட்கும்.

‘கார்த்திகேசு பிரிக்ஃபீல்ட்ஸில் வசிக்கிறான். கார்த்திகேசு இறந்துவிட்டான். இரண்டும் சரியாக இருக்க முடியாது. எது பிழை, அம்மா?’

அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். மறுபடி வாசித்தாள். முதல் வரி அவன் எழுதியதிலிருந்து வந்தது. இரண்டாவது பூரணம் சொல்லி விஜயன் எழுதியதிலிருந்து வந்தது. ஒன்றும் போடாமல் விட்டால், பிந்தி வாசித்ததையே மெஷின் எடுத்துக்கொள்ளும். பேசாமல் இருந்தால் ஓம் என்றுதான் அர்த்தம்.

செத்தவீட்டில் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. பொலிஸ்காரன் ஒரு தாளைக் காட்டிக் கையெழுத்து வாங்கினான். ஐயர் சொல்லச் சொன்னதைச் சொன்னாள். கடலில் கரைக்கச் சொன்னார்கள், கரைத்தாள். சரியா என்று அவளைக் கேட்டது இந்த ஒன்றுதான்.

அவள் இரண்டாவது வரிக்கு நேரே புள்ளடி போட்டாள்.

*

அதற்கடுத்த தாளில் முதல் வரி, ‘சிவசம்பு பிரிக்ஃபீல்ட்ஸில் வசிக்கிறார்’ என்றிருந்தது.

குணபூசணி ஒரு கணம் வாசலைப் பார்த்தாள். பிறகு கீழே படித்துக்கொண்டு போனாள். செந்தூலில் வசிக்கும் கந்தப்பு. டொராண்டோவில் வசிக்கும் மீனலோசனி. சிரம்பானில் வசிக்கும் சண்முகரத்தினம், அவர் மனைவி, மனைவியின் தாய். பக்கம் பக்கமாகப் பெயர்கள். எல்லாரும் இருந்தார்கள். எல்லாரும் அவரவர் ஊரில் வசித்தார்கள்.

மெஷின் அவன் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்திருந்தது. ஒரு மரண அறிவித்தல் பொய் என்று அதற்குச் சொல்லப்பட்டது. சொன்னது அது அதிகம் நம்பும் ஆள். அந்தச் சொற்களைச் சந்தேகித்தது. அதே அச்சில் வந்த எல்லா அறிவித்தல்களிலும் இறப்பைத் தள்ளிவிட்டு, வசிப்பிடத்தை மட்டும் வைத்துக்கொண்டது.

விஜயன் வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“செத்துப்போனவங்க எல்லாம் எந்திரிச்சு உக்காந்திருக்காங்க, ஆன்டி.”

“தெரியும். தாள் பார்த்தனான்.”

“எங்கேருந்து வந்துச்சுன்னு தேடிக்கிட்டே போனேன். நம்பரை மட்டும் அடிச்சதால எனக்கு அப்பத் தெரியல.” அவன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். “அந்த ஒரு புள்ளடியை எடுத்துட்டா எல்லாம் சரியாயிரும்.”

“ஒரு ஆள்தானே, விஜயன். எத்தனை லட்சம் வரி படிச்சிருக்கு அது. அதில ஒரு ஆளைப் பற்றி ஒரு பிழை இருந்திட்டுப் போகட்டுமே.”

“ஒரு ஆளு மட்டும் தனின்னு அதுக்குத் தெரியாது, ஆன்டி. அவன் அப்படி எழுதல.”

அவள் மேசையில் கிடந்த தாளை மடித்து வைத்தாள்.

“திங்கக்கிழம காலைல டெமோ. இது போச்சுன்னா அவன் செஞ்சதுன்னு காட்ட ஒண்ணுமே இருக்காது.”

“நீரே எடுத்திருக்கலாமே. என்னை ஏன் கேக்கிறீர்?”

“உக்காந்தேன். நம்பரை அடிச்சேன். என்டர் தட்டக் கை வரல.” விஜயன் ஒரு பக்கமாகச் சிரிக்கப் பார்த்தான், வாய் கோணியதுதான் மிச்சம். “நீங்க இருக்கான்னு போட்டதை நான் எப்படி ஆன்டி இல்லன்னு அடிக்கிறது? நீங்க சொல்லுங்க. ஒரு கால் போதும். ஞாயித்துக்கெழமகூட ஆபீஸ்லதான் இருப்பேன்.”

சனிக்கிழமை அவள் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை தொலைபேசியை எடுத்தாள். வாழ்நாளெல்லாம் பிறருக்கு நம்பர் சொன்னவள்; நிலையத்தின் நம்பரைச் சுழற்ற மாட்டாமல் வைத்துவிட்டாள். கடலில் கரைத்த கைதான். இதற்கு மட்டும் வரவில்லை. தன் பிழைகளை அம்மா திருத்துவதாகத்தான் அவன் எழுதி வைத்திருந்தான். அந்த இரண்டாவது வரி பிழை இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டாள்.

திங்கட்கிழமை விடிய, மேசையில் கிடந்த செங்கல் சூளைத் தாளைப் பார்த்தாள். அவன் விட்டிடுங்கோ என்ற வரி. அவன் விடச் சொல்வதற்குள் அவசரப்பட்டுப் போட்ட புள்ளடி அதிலும் இருந்தது. அவள் சேலையை மாற்றிக்கொண்டு, பஸ் பிடித்துப் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போனாள். பாதை முழுக்க மழை. பஸ் ஊர்ந்தது. மேம்பாலம் வந்தபோது அவள் மறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

நிலையத்தின் சின்ன மண்டபத்தில் நாற்காலிகள் கலைந்து கிடந்தன. ஒரு மேசையில் யாரும் தொடாத கறிபாப் பலகாரத் தட்டு. விஜயன் மட்டும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“முடிஞ்சுதோ?”

“முடிஞ்சிருச்சு, ஆன்டி. எல்லாம் நல்லாத்தான் போச்சு. தலைநகரம் கேட்டாங்க, ஆறு கேட்டாங்க, சொல்லுச்சு. அப்புறம் பணம் குடுக்கிற எடத்துலேர்ந்து வந்த பெரியவர் ஒருத்தர், உங்க ஆளுங்கதான், அவரோட வைஃப் பேரை அடிச்சாரு. போன வருஷம் தவறிட்டாங்களாம். அறிவித்தல் அந்தக் குழுவுல வந்திருக்கு. அது பெட்டாலிங் ஜெயாவுல வசிக்கிறாங்கன்னு சொல்லுச்சு.”

குணபூசணி நாற்காலி ஒன்றின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “அவர் என்ன சொன்னார்?”

“ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. இன்னொரு தடவ அடிச்சுப் பாத்தாரு. அதையேதான் சொல்லுச்சு. அப்புறம் எந்திரிச்சுப் போயிட்டாரு. மத்தவங்களும் பின்னாலயே போயிட்டாங்க.”

“இனி?”

“டிரெக்டர் சொல்லிட்டாரு. படிச்சதையெல்லாம் அழிச்சுட்டு மெஷினை அக்கவுண்ட்ஸுக்குக் குடுக்கச் சொல்லிட்டாரு. மத்தியானம் ஆளு வருவாங்க.”

வெளியே மழை விட்டிருந்தது. அவள் அவன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அந்தப் புள்ளடியை எடும், விஜயன்.”

“இப்ப எதுக்கு, ஆன்டி? எல்லாம்தான் போச்சே.”

“அது பிழையாப் படிச்சபடி போக வேண்டாம். எடும்.”

விஜயன் எண்ணை அடித்தான். விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள். என்டரைத் தட்டினான்.

மெஷின் கொஞ்ச நேரம் முனகியது. பிறகு திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. கந்தப்பு இறந்துவிட்டார். மீனலோசனி இறந்துவிட்டாள். சண்முகரத்தினம், அவர் மனைவி, மனைவியின் தாய். அந்தப் பெரியவரின் மனைவி எந்த வரியில் போனாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. சிவசம்பு போனார். கடைசியில் கார்த்திகேசு. அவன் பெயருக்குக் கீழே, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு வரும்படி அவன் எழுதி வைத்த சொற்கள் தாமாகவே வந்து நின்றன: ‘நன்றி, அம்மா.’

அக்கவுண்ட்ஸிலிருந்து ஆட்கள் மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

*

வருஷம் திரும்புவதற்குள் ரிங்கிட்டின் மதிப்பு விழுந்தது. விஜயனின் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. அவன் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் கணினி பார்க்கிற வேலைக்குப் போனான். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்துகொண்டு குணபூசணி அக்காவோடு கிள்ளானில் போய் இருந்தாள். பூரணத்துக்குப் பேச்சு அதிகம். இவளுக்குக் கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. புத்தகம் திறந்தால் சிவப்புப் பேனையைக் கை தேடும். பேனையைத் தூக்கிப் போட்டும் பார்த்தாள். கை தேடிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு தீபாவளிச் சமயம் கிள்ளானின் லிட்டில் இந்தியாக் கடைத்தெருவில் சாமான் வாங்க வந்த விஜயன் அவளைப் பார்த்துவிட்டு, “ஆன்டி, ஒண்ணு காட்டணும்” என்று மாடியில் இருந்த ஒரு கணினிக் கடைக்குக் கூட்டிப்போனான். கீழே பட்டாசும் பாட்டுமாக இருந்தது. அவன் விலாசத்தை அடித்துவிட்டு நாற்காலியை அவளுக்கு விட்டான்.

“நெலையம் பேரை மாத்திட்டாங்க. மத்தவங்க பக்கத்தையெல்லாம் எடுத்துட்டாங்க. இதோட பாஸ்வேர்டு அவனுக்கு மட்டும்தான் தெரியும். யாரும் தொட முடியல.”

“இப்பவும் மெஷின் ஏதாவது வந்து இதைப் படிக்குமோ?”

“எவனாச்சும் செஞ்சா படிக்கும். படிச்சா அப்படியே எடுத்துக்கும்.”

குணபூசணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். சாம்பல் நிறப் பின்னணியில் கறுப்பு எழுத்து. படம் ஒன்றும் இல்லை. அவன் பெயர். அதற்குக் கீழே: நான் பிரிக்ஃபீல்ட்ஸில் அம்மாவுடன் வசிக்கிறேன்.